எதித் ரொக்கோவின் ‘நல்லா இருக்கு’

ஷான்வல் கிராமத்தில் எதித் ரொக்கோவிடம் திட்டு வாங்குவது நல்ல சகுனம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். உள்ளூரில் யாரும் சிரிப்பதில்லை. அவள் ஒருவனுடைய நிலவறைக்குள் வந்து, பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி எடுத்துக் கொடுத்த வெள்ளை ஒயினை வாய்க்குள் ஒரு சுற்று உருட்டி, தரைச் சரளையில் துப்பிவிட்டு, “ஏன்யா, பழத்தைப் பறிச்சியா, கீழ உதிர்ந்ததைப் பொறுக்குனியா?” என்று கேட்டால், அவன் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவான். திட்டுகிறாள் என்றால் ஒயினில் ஏதோ இருக்கிறது, இவன் அதைக் கெடுத்து வைத்திருக்கிறான், அடுத்த வருடமாவது திருத்திக்கொள்ளலாம். ஆனால் அவள் ஒன்றும் பேசாமல் கிளாஸைப் பக்கத்துப் பீப்பாயின் மேல் வைத்துவிட்டு, “நல்லா இருக்கு. நன்றி” என்றால் கதை முடிந்தது. இதைத் திட்டி நான் எதற்கு என் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். பீப்பாய் செய்கிறவரின் மருமகன் ஒருவன் அந்த மூன்று வார்த்தையை வாங்கிக்கொண்டு, அடுத்த வசந்தத்திலேயே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு சைக்கிள் வாடகைக் கடை வைத்துவிட்டான்.

அவளுக்கு யாரைத்தான் பிடித்தது? கோடையில் காரை நிறுத்தி இறங்கி, “ஷார்டனே இருக்கா மதாம்?” என்று கேட்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் சந்தைக்குப் போய் மீன் இருக்கிறதா என்று கேட்கிற ஜென்மங்கள். இந்தச் சரிவில் வெள்ளை என்றால் ஷார்டனே திராட்சை தவிர வேறு என்ன இருக்கிறது? நிலத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தெரியாதவனுக்கு ஒயின் எதற்கு? நல்ல ஒயினைக் குளிர்பெட்டியில் போட்டு ஐஸாக்கிக் குடிக்கிறவர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாரிஸிலிருந்து வருடம் தவறாமல் வரும் லனூ என்ற பத்திரிகைக்காரர் இருக்கிறாரே, அவருக்கு மூக்கு கிளாஸைத் தொடும் முன்னே வாய் திறந்துவிடும். வெள்ளைப் பூ என்பார், வெண்ணெய் என்பார், சூடான ரொட்டி என்பார். அந்த ஆளுக்கு ஒயினே வேண்டாம், ஒரு பூக்கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் நிற்கவைத்தால் போதும் என்று எதித் சொல்லுவாள், அவர் காதில் விழும்படியாகவே.

பக்கத்துத் தோட்டத்து ரெஜிஸ் மால்தெத் இன்னொருவன். வருடா வருடம் புதுப் பீப்பாயாக வாங்கி அடுக்குகிறவன். அவனுடைய ஒயினில் ஓக் மரத்தின் வாசம் தூக்கலாக இருக்கும். ரெஜிஸ் வீட்டில் ஒயின் கேட்டால் அலமாரியைக் கரைத்து ஊற்றுவான் என்று அவள் சொன்னது மூன்று ஊர் தாண்டிப் போயிற்று. அவனுடைய மலிவுச் சரக்கைப் பற்றி அவள் சொன்னது அதைவிட மோசம். தாகத்துக்குக் குடிக்கலாம், என்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு ஒயினைத் தாகத்துக்குக் குடிக்கலாம் என்றால் அதற்கு மேல் கேவலம் கிடையாது. தாகத்துக்குத்தான் குழாயில் தண்ணீர் வருகிறதே.

சும்மா சொல்லக்கூடாது, மூக்கு இருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஊரையே பார்த்துக் கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது, ஏனென்றால் அவளுடைய ஒயின் அப்படி. காட்டோரமாக, சரிவின் உச்சியில், லா கோம்ப் என்று ஒரு துண்டு நிலம் அவளுக்கு. மண்ணைவிட வெள்ளைக் கல் அதிகம். அந்த ஒயினை முதலில் முகர்ந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பொறுத்தால் மழை நனைத்த கல் வரும், பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு பச்சை ஹேசல் கொட்டையை உடைத்த மணம். விழுங்கிய பிறகு நாக்கின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய உப்பு ஒன்று நிற்கும், வீடு போய்ச் சேரும்வரை நிற்கும். அதை ஒருமுறை குடித்தவர்கள் அவளுடைய நாக்கைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பொறுக்காமல் போனது ஒரே ஒருத்தி, வியோலேன், அவள் பெற்ற மகள்.

வியோலேனுக்கும் மூக்கு உண்டு. தாயிடமிருந்து வந்தது. சின்ன வயதிலேயே ஒரே நிலத்து இரண்டு பீப்பாயைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லுவாள். இருவரும் நிலவறையில் பேசுவதைக் கேட்டால் கொலை விழப்போகிறது என்று பயப்படுவார்கள் புதியவர்கள். “இதுல சல்ஃபர் நெடி அடிக்குது, உங்க மூக்கு அடைச்சிருக்காம்மா?” என்பாள் மகள். “அடைச்சிருந்தாலும் உன்னுதவிட வேலை செய்யும்” என்பாள் தாய். அந்த வீட்டில் பாசம் அந்த ரூபத்தில்தான் புழங்கியது. கணவன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். எதித்தின் ஒயினைப் பற்றி முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லக்கூடிய பிராணி இந்த உலகத்தில் வியோலேன் ஒருத்திதான். ஊரில் மற்றவர்களுக்கு எங்கே தைரியம்? ஒருமுறை அறுவடை விருந்தில் பாதிரியார் பாவம், லா கோம்ப் ஒயின் இந்த வருடம் மணம் வெளியே வராமல் கொஞ்சம் மூடினாற்போல இருக்கிறதே என்று வாயைக் கொடுத்துவிட்டார். செருப்புக்குக்கூட இதைவிட நல்ல மூக்கு இருக்கும் என்று தொடங்கி, கடைசியில் சீஸ் வரும்வரை விடவில்லை எதித். அடுத்த வருடத்திலிருந்து அவர் விருந்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

ஒயின் பள்ளியில் படித்துவிட்டு வந்த வியோலேன், லா கோம்ப் நிலத்துப் பழத்தில் ஒரு பீப்பாய் மட்டும் தன் கையாலேயே செய்கிறேன் என்று கேட்டாள். செய்தாள். வசந்தத்தில் லனூவும் நாலைந்து வாடிக்கையாளர்களும் நிலவறையில் நிற்கும்போது அந்தப் பீப்பாயைத் திறந்தார்கள். முதலில் குடித்த லனூ, வழக்கத்துக்கு விரோதமாக, ஒரு பூவின் பெயரையும் சொல்லவில்லை. இன்னொரு வாய் குடித்துவிட்டு, “மதாம், இது உங்களோடதவிட...” என்று தொடங்கி, மீதியை விழுங்கிவிட்டார்.

எதித் குடித்தாள். குறை தேடினாள். அவளுக்கு ஒயின் குடிப்பது என்றால் குறை தேடுவதுதான், வேறு மாதிரி குடிக்கத் தெரியாது. வாயின் இந்த ஓரத்தில் தேடினாள், அந்த ஓரத்தில் தேடினாள், துப்பிவிட்டு வெறும் வாயில் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. மகள் எதிரே நின்று திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டியிருக்கலாம். என்னத்தையாவது சொல்லித் திட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பாரிஸ்காரன் முன்னால், தன் நிலத்துப் பழத்தில், தன்னைவிட நல்ல ஒயின் என்ற பொறாமை அவளை விடவில்லை. பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மெழுகவேண்டியதில்லை. கிளாஸைப் பீப்பாயின் மேல் வைத்தாள்.

“நல்லா இருக்கு. நன்றி.”

வியோலேன் அழவில்லை, சண்டை போடவில்லை. பீப்பாயின் அடைப்பை ஒழுங்காக மூடினாள், குழாயைக் கழுவி மாட்டினாள், அன்று மாலையே தன் ரப்பர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, போயும் போயும் அலமாரிக்காரன் ரெஜிஸின் வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவன் தன் நிலவறையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு மூன்று அறுவடை ஓடிவிட்டது. எதித்தின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. லா கோம்ப் சரிவில் டிராக்டர் ஏறாது, எல்லாம் நடந்துதான் செய்யவேண்டும். கூலிக்கு வந்தவர்கள் கொடியைக் கண்ட இடத்தில் வெட்டினார்கள், அவள் திட்டினாள், அவர்கள் போனார்கள். வாங்கிக்கொள்கிறோம் என்று பெரிய கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஒயின் ஊற்றினாளா? பால் பாட்டிலைத் திறந்து காபிக்கு ஊற்றி அனுப்பினாள். மகள் வந்தால் லா கோம்ப் பிழைக்கும், வராவிட்டால் அவளோடு முடிந்தது. இது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்றுகூட ரெஜிஸ் சொல்லி அனுப்பினான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளிடம் வழியில்லை. வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தவளிடம் மன்னிப்புக் கேட்க ஒன்று இல்லை என்றால் என்ன கொடுமை பாருங்கள்.

அதனால் ஒயினிடம் அந்த வேலையைக் கொடுத்தாள். நிலவறையின் கடைசி மாடத்தில், வியோலேன் பிறந்த வருடத்து லா கோம்ப், ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளே அறுத்த பழம். பிரசவ வலி வந்த அன்றுகூடப் பீப்பாயை நிரப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரிய பெரிய ஆட்கள் கேட்டும் அதை விற்கவில்லை, திறக்கவில்லை. நவம்பர் மாத அறுவடை விருந்துக்கு அதை எடுத்துக்கொண்டு போவது என்று தீர்மானித்தாள். வருடத்தைப் பார்த்தாலே மகளுக்குப் புரிந்துவிடும், தான் ஒன்றும் பேசவேண்டியதில்லை. குடித்துவிட்டு அவள் ஏதாவது குறை சொல்லட்டும். பழையபடி ஒரு திட்டு, இவள் பதிலுக்கு ஒன்று. அவ்வளவு போதும், திங்கட்கிழமை அவள் பூட்ஸோடு வந்து நிற்பாள்.

விருந்து ஊர்ப் பொது ஆலைக்கூடத்தில், மதியம். பழம் பிழியும் இயந்திரங்களை ஓரத்தில் தள்ளி நீள மேஜைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு விவசாயியும் ஒரு பாட்டில் கொண்டுவரவேண்டும், அதைத் தன் மேஜைக்கு ஒரு சுற்று ஊற்றவேண்டும், தன் கிளாஸுக்குக் கடைசியாக ஊற்றிக்கொள்ளவேண்டும். தனக்கு மிஞ்சாமல் போனால் பெருமை. ஆனால் ஊற்றும் முன், கொண்டுவந்தவர் தானே ஒரு சொட்டு ஊற்றி முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். இது நான் பொறுப்பேற்கிற ஒயின் என்று அதற்கு அர்த்தம். கார்க் கெட்டிருந்தால் ஒயினில் ஈர அட்டையின் வாடை வந்துவிடும். யார் பாட்டிலுக்கும் வரும், யார் குற்றமும் இல்லை. அப்படியென்றால் சிரித்துக்கொண்டே அதை ஓரமாக வைத்துவிட்டு, மாற்றுக்கு வைத்திருக்கும் பாட்டிலைத் திறப்பார்கள்.

எதித் மட்டும் முகர்ந்து பார்த்ததே இல்லை. “சந்தேகம் இருக்கிறவங்க மோந்து பாக்கட்டும்” என்று சொல்லி நேராக ஊற்றுவாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் பாட்டில் அவளைக் கைவிடவில்லை, அதனால் அந்தத் திமிரும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்னொன்றும் அவளுக்கு மட்டும் உண்டு. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளி. மற்றவர்கள் விருந்தில் விழுங்குவார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரு வாய் சுவைத்துத் துப்பிவிட்டு, கிளாஸில் மீதியிருப்பதையும் வாளியில் கவிழ்ப்பாள். அவள் குடித்து முடித்த கிளாஸை ஷான்வலில் யாரும் பார்த்ததில்லை.

அந்த வருடம் வியோலேனின் இடம் அதே மேஜையின் எதிர்முனையில், ரெஜிஸுக்குப் பக்கத்தில் அமைந்தது. லனூ நடுவில். சீஸ் போட்டுச் சுட்ட உப்புப் பன் வந்தது, பன்றித்தொடைக் கறி வந்தது, கூடவே பாட்டில்களும் வந்தன. எதித் ஒவ்வொன்றுக்கும் பூசை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஒயினை வெந்நீரில் போட்ட சோப்பு என்றாள். இன்னொன்றைக் குடித்துவிட்டு, “இதுக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் எவ்வளவோ தேவலாம்பா, அதுல எலுமிச்சம்பழமாவது இருக்கும்” என்றாள். திட்டு வாங்கியவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அவள் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரத்திருந்தது. மேஜையின் அந்த முனைக்குக் கேட்கவேண்டுமே.

கோழி வந்தபோது அவள் முறை. பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் வருடத்தை உரக்கப் படித்ததும் ரெஜிஸ் பேச்சை நிறுத்தினான். வியோலேன் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். அவள் காது சிவந்ததை எதித் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று அவள் மனம் குதித்தது. கார்க் முழுசாக, உடையாமல் வந்தது. அதை அப்படியே கோட்டுப் பையில் போட்டாள். வழக்கம்போல முகரவில்லை. எழுந்து, வலிக்கிற முழங்காலோடு மேஜையைச் சுற்றி வந்து, ஆளுக்கு ஒரு வாய் அளவுக்கு ஊற்றினாள். மகளின் கிளாஸில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகச் சாய்ந்தது. நிறம் அருமையாக இருந்தது, வைக்கோல் பொன் நிறம்.

அவள் ஊற்றிக்கொண்டு போகப் போக, பின்னால் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. என்ன ஆழம் என்றான் ஒருவன். இதற்கு மேல் ஷார்டனே இல்லை என்றார் மேயர். லனூ கண்ணை மூடிக்கொண்டு, மழைக்குப் பின் காட்டுத் தரை என்றார், பழைய நூலகம் என்றார், காலத்தின் ஈரம் என்றார். ஜால்ராக்கள் என்று நினைத்துக்கொண்டாள் எதித். என் ஒயினில் எங்கேயடா நூலகம்? ஆனாலும் அன்றைக்கு அது இனித்தது.

பிறகு எல்லோரும் எழுந்து கையை மேலே தூக்கி, விரல்களை விரித்துச் சுழற்றி, லா லா லா என்று எங்கள் பக்கத்துப் பாராட்டுப் பாட்டைப் பாடினார்கள். பாடி முடித்துக் கைதட்டினார்கள். அவள் தன் இடத்துக்கு வந்து, பாட்டிலில் மிஞ்சியிருந்த ஒரு வாயைத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டு, மூக்கருகே கொண்டுபோனாள்.

ஈர அட்டை. பாத்திரம் துடைத்து மூலையில் போட்ட துணி. கல் இல்லை, எலுமிச்சை இல்லை, கொட்டை இல்லை. சந்தேகமே வேண்டாம், கார்க் கெட்டுப்போய் ஒயினையும் கொன்றிருந்தது. பைக்குள் கைவிட்டுக் கார்க்கை எடுத்து முகர்ந்தாள். அதே வாடை.

நிமிர்ந்து மேஜையைப் பார்த்தாள். தலைமுறை தலைமுறையாக ஒயினில் பிறந்து ஒயினில் வளர்ந்தவர்கள், சளி பிடித்திருந்தாலும் கார்க் வாடையைக் கண்டுபிடிக்கிறவர்கள், உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கிளாஸை விளிம்புவரை வழித்துக் குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். பூனைக்கு மணி கட்ட ஒருத்தனும் இல்லை. தூ, என்று வந்தது அவளுக்கு. கோழைகள், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அடுத்த நிமிடமே இன்னொன்று தோன்றியது. இன்றைக்கு மட்டும்தான் இப்படியா? போன வருடம் கைதட்டினார்களே, அதற்கு முந்தின வருடம்? வியோலேன் போன பிறகு தன் ஒயினைப் பற்றி ஒருவன்கூட உண்மை சொல்லவில்லையோ?

எழுந்து நின்றாள். “இது கார்க் வாடை பிடிச்ச ஒயின்,” என்றாள். “யாரும் குடிக்காதீங்க.”

ரெஜிஸ் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். “நம்ம வாயைப் பிடுங்கப் பாக்கிறாப்பா. எவனாவது ஆமான்னு சொன்னா தொலைஞ்சான்.” மேஜையே சிரித்தது. லனூ எழுந்து, மதாமின் அளவுகோலே தனி, தன் பிள்ளையைக்கூட விட்டுவைக்கமாட்டார் என்று ஏதோ பெருந்தன்மையாகப் பேசினார். அவர் ஒயினைத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு இரண்டு பேர் சட்டென்று தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் மறுபடியும் சொன்னாள், கார்க்கை எடுத்துக் காட்டினாள். அவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அல்லது நம்பினாலும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டும் ஒன்றுதான்.

வியோலேன் மட்டும் கிளாஸைத் தொடவே இல்லை. ஊற்றியது ஊற்றியபடி அவள் முன்னால் இருந்தது.

“வியோலேன், நீ சொல்லு,” என்றாள் எதித்.

மூன்று வருடத்தில் தாய் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அது. வியோலேன் கிளாஸைத் தண்டைப் பிடித்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுழற்றி, முகர்ந்தாள். அவளுடைய இடது நாசி லேசாகச் சுருங்கியது. சின்ன வயதிலிருந்தே கெட்ட ஒயினுக்கு அந்த நாசி அப்படித்தான் சுருங்கும், எதித்துக்குத் தெரியாதா? மகளுக்குப் புரிந்துவிட்டது, முழுசாகப் புரிந்துவிட்டது. திட்டுடி, என்று எதித்தின் உயிரே கெஞ்சியது. உங்க மூக்கு அடைச்சிருக்காம்மா என்று கேள். முகராமல் ஊற்றுகிற திமிர் இதோடு ஒழியட்டும் என்று சொல். எல்லோர் முன்னாலும் என் மூக்கை அறு, எனக்கு அதுதான் வேண்டும்.

வியோலேன் ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

“நல்லா இருக்கு. நன்றி, மதாம் ரொக்கோ.”

யாரும் சிரிக்கவில்லை. லனூகூடப் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எதித் உட்கார்ந்தாள். பீப்பாய்க்காரர் மருமகனின் முகம் எதற்கோ நினைவுக்கு வந்தது. அந்த மூன்று வார்த்தை உள்ளே இறங்கும்போது எப்படி இருக்கும் என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

அடுத்த முறை வியோலேனுடையது. ரெஜிஸின் நிலம், ஆனால் ஒயின் அவள் செய்தது. போன வருடத்துக்கு முந்தின வருடத்து ஒயின். அவள் தன் கிளாஸில் ஒரு சொட்டு ஊற்றி, முகர்ந்து, நாக்கில் வைத்து, பொறுப்பேற்றுக்கொண்டு, பிறகு ஒவ்வொரு கிளாஸாக ஊற்றிக்கொண்டு வந்தாள். தாயின் நாற்காலியருகே வந்தபோதும் வேகம் குறையவில்லை. மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு ஊற்றினாள். ஆனால் ஊற்றிவிட்டு உடனே நகரவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றாள்.

எதித் கிளாஸை எடுத்தாள். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கல் வந்தது. ரெஜிஸின் பீப்பாய்களிலிருந்து இந்தக் கல்லை எப்படித் தப்பவைத்தாள்? எலுமிச்சைத் தோல் வந்தது, ஒரு துளி புது வெண்ணெய், அதன் பின்னாலேயே ஒரு புளிப்பு அதைக் கையைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தியது. பழக்க தோஷம், குறை தேடினாள். நாக்கின் நுனியில், நடுவில், அடித்தொண்டையில் தேடினாள். ஓரங்களில் உப்பு வந்து நின்றது, போகவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடம் ஊரில் இவள் துப்பிய அத்தனை ஒயினுக்கும் சேர்த்து இந்த ஒன்று போதும்.

சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். நல்லா இருக்கு. அவ்வளவுதான் சொல்லவேண்டும். உலகத்தில் எல்லாத் தாய்க்கும் அந்த வார்த்தை இருக்கிறது. அவளுக்கு மட்டும் இல்லை, அவளே அதை வருடக்கணக்காகச் செருப்பு மாதிரி போட்டுத் தேய்த்துவிட்டாள். திட்டலாம் என்றால் திட்ட ஒரு குறையும் இல்லை, பொய்யாகத் திட்டினால் அந்த நாசிக்குத் தெரிந்துவிடும். திறந்த வாயை மூடிக்கொண்டு, வேறு வழி தெரியாமல், கிளாஸை எடுத்து அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். வாளி காலடியில் சும்மா கிடந்தது. காலிக் கிளாஸை எல்லோரும் பார்க்கும்படி மேஜை நடுவில் வைத்தாள்.

ரெஜிஸ்தான் முதலில் பார்த்தான். பாவி, நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். “என்ன எதித், துப்பலயா? முழுசா குடிச்சிட்டியே!”

எல்லாத் தலையும் திரும்பியது. இரண்டு நாற்காலி தள்ளிப் போயிருந்த வியோலேனின் கை, பாட்டிலோடு அப்படியே நின்றது. எதித்துக்கு முகம் கொதித்தது. யார் முன்னாலும் பணியாத வாய், அதற்குத் தெரிந்த பாதையில் தானாக ஓடியது.

“தாகமா இருந்துச்சு,” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ரெஜிஸின் மலிவுச் சரக்குக்கு அவள் வைத்த அதே பெயர். வியோலேன் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்ததை அடுத்தடுத்த கிளாஸ்களில் பங்கிட்டு ஊற்றினாள். தன் இடத்துக்கு வந்தபோது பாட்டிலில் ஒரு சொட்டும் இல்லை. ரெஜிஸ் அவளுக்காகக் கையைத் தூக்கிப் பாட்டைத் தொடங்கினான், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எதித்தும் இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து, சுழற்றிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் நிறுத்திவிட்டு சீஸை எடுக்க ஆரம்பித்த பிறகும்.